காயாமல் குறைந்த எடை

உங்கள் ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும் மிஷின் வேலை செய்கிறதா? முதலில் அதைப் போய்ப் பாருங்கள். வேலை செய்தால் சந்தோஷம். ஆனால் அது காட்டுகிற எண்ணை வைத்துக்கொண்டு பெருமைப்பட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். தராசு சரியாக இருந்தும், எண் சரியாக இருந்தும், நான் ஒரு மனிதரைக் கோட்டை விட்டேன்.

புதிதாக அரசு வேலையில் சேர்ந்த நீங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் பார்க்க வருகிறீர்கள். உங்க காலத்து கேஸ் ஏதாவது சொல்லுங்க சார் என்கிறீர்கள். கணவாயில் லாரி கவிழ்ந்த கதை, பாம்பு கடித்தவனை சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்த கதை எல்லாம் சொல்லியிருக்கிறேன். கவனித்திருப்பீர்கள், அத்தனை கதையிலும் நான்தான் கெட்டிக்காரன். இதை மட்டும் சொன்னதில்லை. பலமுறை வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கிறது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். படித்துவிட்டு, அந்தக் காலத்தில் வசதி இல்லை, நீங்க என்ன பண்ணுவீங்க சார் என்று யாரும் சமாதானம் சொல்ல வர வேண்டாம். வசதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அறுபதுகளின் கடைசி. தர்மபுரி தனி மாவட்டமாகிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. நல்லம்பள்ளிக்கும் தொப்பூருக்கும் நடுவே ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரி. ஊர்ப் பெயர் வேண்டாம். டாக்டர் நான் ஒருவன், ஒரு கம்பவுண்டர், ஒரு நர்ஸம்மா, பன்னிரண்டு கட்டில். எனக்கு முப்பது வயது. காலையில் எழுந்ததும் தண்டால் எடுப்பேன். அளந்து சாப்பிடுவேன். குண்டாக இருப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நோயாளி நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அவர் எவ்வளவு தின்கிறார், எவ்வளவு சோம்பேறி என்று மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிடுவேன். அதை வைத்தியம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் எடை மிஷினின் முள் எந்த ஆள் ஏறினாலும் ஐம்பத்தைந்தில் போய் நின்றுகொள்ளும். புதிது கேட்டு எழுதி எழுதிக் கை ஓய்ந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே ஒரு புளி மண்டி. அங்கே மூட்டைகளை ஏற்றி நிறுக்கும் பெரிய இரும்புத் தராசு இருந்தது. தரையோடு தரையாகப் பலகை, அதன் மேல் ஆள் ஏறி நின்றாலும் நிறுக்கலாம். என் நோயாளிகளை அங்கே அனுப்பிவிடுவேன். புளி மூட்டைக்கு நடுவே ஏறி நின்று எடை பார்த்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வருவார்கள். சீட்டில் புளி வாடை அடிக்கும்.

அந்த மண்டியின் முதலாளியை ஊரில் எல்லோரும் மண்டி பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் இங்கே அப்படியே சொல்கிறேன். ஐம்பது வயது. ஆள் ஆறடி, அதற்கேற்ற அகலம். சிரித்தால் மண்டி முழுக்கக் கேட்கும். என் நோயாளிகளை நிறுத்துக் கொடுத்ததற்கு ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஒரு நாள் அவரே முழங்கால் வலி, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று வந்து உட்கார்ந்தார். ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தது. அவர் தராசிலேயே அவரை நிறுத்தோம். நூற்று இரண்டு கிலோ.

எனக்குக் கரும்பு தின்னக் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். சோறு ஒரு வேளை, மற்ற வேளை கேழ்வரகுக் கூழ், கறி கூடாது, நெய் கூடாது. வாரா வாரம் சந்தை நாளில் எடை பார்த்து எனக்குச் சீட்டு அனுப்ப வேண்டும். அவர் எல்லாவற்றுக்கும் சரிங்க சார், சரிங்க சார் என்று தலையாட்டினார். போகும்போது, கூழுக்குத் தொட்டுக்க என்னாங்க சார் என்று கேட்டுக் கண்ணடித்தார். நான் சிரிக்கவில்லை.

மூன்று மாதம் முள் அசையவில்லை. நூற்று இரண்டு, நூற்று ஒன்று, மறுபடி நூற்று இரண்டு. ஒவ்வொரு சீட்டுக்கும் நான் அவரைக் கூப்பிட்டுத் திட்டினேன். பிறகு ஒரு வாரம் தொண்ணூற்று ஒன்பது வந்தது. அடுத்த வாரம் தொண்ணூற்று எட்டு. அப்புறம் இறங்கிக்கொண்டே வந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு பெரிய கட்டம் போட்ட தாளை வாங்கி, பச்சை மையால் அவருடைய எடையைக் கோடாக இழுத்து, ஓ.பி. அறைச் சுவரில் ஒட்டினேன். வாரா வாரம் புள்ளி வைத்துக் கோட்டை நீட்டுவேன். சர்க்கரை வியாதிக்காரர், மூட்டு வலிக்காரர் யார் வந்தாலும் அந்தத் தாளைக் காட்டி, மண்டி பாயைப் பாருங்க, மனுசன்னா அப்படி இருக்கணும் என்பேன். அவர் அறைக்குள் வந்தால் எழுந்து கை கொடுப்பேன். வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாம் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் வெட்கப்பட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு வெட்கச் சிரிப்பு என்றுதான் நினைத்தேன்.

எண்பத்து மூன்று வந்தபோது மாவட்டத்திலிருந்து வந்த மேலதிகாரியிடம் அந்தத் தாளைக் காட்டினேன். அவரும் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இத்தனை மாதத்தில் நான் அவரை ஒருமுறையாவது படுக்க வைத்து வயிற்றில் கை வைத்துப் பார்த்தேனா? இல்லை. முதல் நாள் ரத்த அழுத்தம் பார்த்தது, அவ்வளவுதான். வாரா வாரம் சீட்டுதான் வந்தது. சீட்டு போதும் என்று இருந்துவிட்டேன். அவர் முகம் வெளிறியிருந்ததை இளைப்பு என்றேன். சட்டை தொளதொளவென்று தொங்கியதைப் பார்த்து, புதுசா தைக்கச் சொல்லுங்க பாய் என்று கேலி செய்தேன். சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடுகிறது என்று ஒரு தடவை சொன்னார். மண்டித் தூசியும் வெயிலும் என்றேன். அதற்குப் பிறகு அவர் எதுவும் சொல்லவில்லை.

அவர் மனைவி ஒரு நாள் என்னைத் தேடி வந்தார். ஊரில் பாயம்மா என்பார்கள். அந்தம்மாவின் கைப்பக்குவம் சுற்று வட்டாரத்தில் பேர் போனது. பெருநாளைக்கு ஆஸ்பத்திரிக்கு ஒரு அண்டா பிரியாணி வரும். நர்ஸம்மா, கம்பவுண்டர், கட்டிலில் கிடப்பவர்கள் எல்லோரும் சாப்பிடுவார்கள். நான் மட்டும் தொட மாட்டேன். அதையும் ஒரு கொள்கையாக வைத்திருந்தேன்.

பாயம்மா வந்த நாள் மோசமான நாள். விடிகாலையில் தொப்பூர் கணவாயில் ஒரு லாரி பிரேக் பிடிக்காமல் பஸ்ஸில் மோதி, ஏழு பேரைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். இரண்டு பேர் என் கண் எதிரிலேயே போனார்கள். மதியம் ஒரு மணிக்கு ஓ.பி. அறைக்கு வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து காத்திருந்த கூட்டம் அப்படியே நின்றது. முன்னால் பாயம்மா. அவரும் காலை எட்டு மணியிலிருந்து நின்றிருக்கிறார்.

மெதுவாகத்தான் பேசினார். கணவர் இளைக்கிறது சரியாகப் படவில்லை என்றார். என்ன சரியாகப் படவில்லை என்று கேட்டேன். அந்தம்மா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார்.

"அவரு கூழெல்லாம் குடிக்கறதில்லீங்க சார். நல்லாத்தான் சாப்புடறாரு. நான்தான் போடறேன். ஆனாலும் இளைக்கிறாரு. எங்க மண்டில புளி காய்ஞ்சா எடை குறையும், அது எவ்வளவுன்னு தெரியும். காயாமயே குறைஞ்சா எலி பூந்திருக்குன்னு தேடுவோங்க. இவருக்கு எங்க போவுதுன்னு கொஞ்சம் பாருங்களேன்."

இதைவிடத் தெளிவாக ஒரு நோய்க்குறியை எனக்கு எந்தப் பேராசிரியரும் சொன்னதில்லை. சாப்பாடு குறையாமல் எடை குறைகிறது, உள்ளே ஏதோ தின்கிறது, தேடிப் பார். நாலு வரியில் சொல்லிவிட்டார். நான் கையைத் துடைத்துக்கொண்டே, கூட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

"எலி மண்டியில இல்லம்மா. உங்க சமையக்கட்டுலதான் இருக்குது. நான் கஷ்டப்பட்டு இறக்கறேன், நீங்க ஆக்கிப் போட்டு அவரைக் கொல்லப் பாக்கறீங்களா?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். பாயம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு போய்விட்டார். ஏழு பேர், இரண்டு சாவு, பசி, களைப்பு எல்லாம் இருந்தது உண்மை. அதைக் காரணம் என்று நான் பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். களைத்தவன் கவனிக்காமல் விடலாம். களைப்பு யாரையும் கேலி பேசச் சொல்வதில்லை.

அன்றைக்கே சாயங்காலம் மண்டி பாய் வந்தார். வூட்டுக்காரி ஏதோ பேசிட்டாங்களாமே, மனசுல வெச்சுக்காதீங்க சார் என்று மன்னிப்புக் கேட்டார். நான் பெரிய மனசு பண்ணி, பரவாயில்ல பாய், பொம்பளைங்க அப்படித்தான் என்றேன். மனிதர் எதையோ சொல்ல வந்த மாதிரி கொஞ்ச நேரம் நின்றார். சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். அப்ப வரேங்க சார் என்று போய்விட்டார்.

அதிலிருந்து ஏழாவது வாரம் அவரைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சாலையைக் கடந்து வர அவரால் முடியவில்லை. சிறுநீர் அடைத்துக்கொண்டு துடித்தார். குழாய் விட்டபோது கட்டி கட்டியாக ரத்தம். அப்போதுதான், முதல் முறையாக, அவர் வயிற்றில் கை வைத்தேன். இடது விலாவுக்குக் கீழே ஒரு தேங்காய் அளவுக்குக் கட்டி. தேடவே வேண்டியதில்லை, கையில் இடித்தது. முன்பு சதை மூடியிருந்தது. இப்போது மூட எதுவும் இல்லை. அன்றைக்கு எடை அறுபத்தெட்டு.

கம்பவுண்டர் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நாலு மாதத்துக்கு முன்பே ஒரு தடவை பாய்க்குச் சிறுநீர் சிவப்பாகப் போயிற்று, வலி இல்லை, ரெண்டு நாளில் தானாக நின்றுவிட்டது, தன்னிடம் மிக்ஸ்சர் மருந்து வாங்கிக்கொண்டு போனார் என்றார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று எகிறிக் குதித்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்.

"பாய்தான் சொல்ல வேணாம்னாருங்க சார். டாக்டர்கிட்ட நல்ல பேரு எடுத்திருக்கேன், அது கெட்டுடும்னாரு."

நானே ஆம்புலன்ஸில் கூட ஏறி அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். எந்த ஊர் என்பது முக்கியமில்லை. அங்கே இருந்த சர்ஜன் எனக்கு மாணவப் பருவத்தில் பாடம் எடுத்தவர். அதிகம் பேச மாட்டார், கோபப்படவும் மாட்டார். அதனாலேயே அவரைக் கண்டால் எங்களுக்கு நடுக்கம். சிறுநீரகத்தில் புற்றுநோய் என்பதில் சந்தேகமில்லை என்றார். நெஞ்சு எக்ஸ்ரேயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். நுரையீரலில் உருண்டை உருண்டையாக நிழல் விழுந்திருந்தது.

நான் அப்போது ஒரு கேள்வி கேட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. உடம்பில் கொழுப்பு குறைந்துவிட்டதால் இப்போது ஆபரேஷன் சுலபமாக இருக்கும் இல்லையா சார் என்று கேட்டேன். கூடவே கையில் சுருட்டிக் கொண்டுபோயிருந்த பச்சைக் கோட்டுத் தாளை விரித்துக் காட்டினேன். அந்த நேரத்திலும் அவரிடம் ஒரு பாராட்டு வாங்கிவிடலாம் என்று ஏதோ ஒரு மூலையில் ஆசை இருந்திருக்க வேண்டும். வேறு எதற்கு அதைச் சுவரிலிருந்து கிழித்துக்கொண்டு போனேன்?

அவர் தாளை வாங்கி முழுக்கப் பார்த்தார். ஒவ்வொரு புள்ளியையும் விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

"எழுபத்தஞ்சு படுக்கை ஆஸ்பத்திரியில கூட இவ்வளவு சுத்தமா யாரும் எடை குறிச்சு நான் பாத்ததில்ல" என்றார். "குறிச்சது நீ. யாராவது படிச்சாங்களா?"

அப்புறம் கட்டில் பக்கம் திரும்பி, பாயிடம், சாப்பிடாமல் இளைத்தீர்களா, சாப்பிட்டும் இளைத்தீர்களா என்று கேட்டார். முதல் நாளிலிருந்து ஒருவருமே கேட்காத கேள்வி அது. பாய் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். கூழ் முதல் வாரத்தோடு நின்றுவிட்டது என்றார். வீட்டில் கறியும் சோறும். சேலத்துக்கு லோடு போகும் நாட்களில் தொப்பூர் ரோட்டுக் கடையில் பரோட்டா. சாப்பாட்டுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. கடைசி ஒரு மாதமாகத்தான் உள்ளே இறங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க எல்லாருக்கும் முன்னாடி எந்திரிச்சு கை குடுத்தீங்களே சார். அப்புறம் எப்புடிங்க நான் சாப்புடறேன்னு சொல்றது? தப்பா நெனச்சுக்காதீங்க."

சாகக் கிடக்கிற மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அதுவும் இரண்டாவது தடவை. நான் அவரிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. திட்டினால்தான் நோயாளி உண்மையை மறைப்பான் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பாராட்டினாலும் மறைப்பான். திட்டுக்குப் பயந்தவன் வேறு டாக்டரிடமாவது போவான். பாராட்டு வாங்கியவன் எங்கும் போக மாட்டான். இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. அந்தக் கட்டில் பக்கத்தில் நின்று தெரிந்துகொண்டேன்.

வராந்தாவில் சர்ஜன் என்னிடம் தனியாகப் பேசினார். இந்த நோயில் குண்டாக வருகிறவர்களுக்குக் கத்தி வைப்பது கஷ்டம்தான், ஆனால் அவர்களில் பலர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன், கரைந்து வருகிறவர்களைத்தான் என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை என்றார். தொண்ணூற்று ஒன்பதில் அனுப்பியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். அது யாருக்கும் தெரியாது, ஆனால் ஒரு வாய்ப்பு இருந்திருக்கும், அதை நீ அவருக்குக் கொடுக்கவில்லை என்றார். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

உங்களுக்கு ஒரு வார்த்தை. சிறுநீரகப் புற்றுநோயில் உடம்பு எடையோடு இருப்பவர்கள் சில சமயம் கூடுதல் காலம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று இப்போது நீங்கள் படிக்கிற பத்திரிகைகளிலும் எழுதுகிறார்கள். எதனால் என்று இன்னும் அடித்துச் சொல்ல முடியாதாம். அதற்காகக் குண்டாக இருப்பது நல்லது என்று கிளம்பிவிடாதீர்கள். அந்த நோய் வருவதற்கே உடல் பருமன் ஒரு காரணம் என்றும் அவர்கள்தான் எழுதுகிறார்கள். நான் சொல்ல வருவது வேறு. ஒருவர் எவ்வளவு எடை என்பது பாதிக் கேள்விதான். எங்கிருந்து இறங்கி அங்கே வந்தார், தானாக முயன்று இறங்கினாரா என்பது மீதிப் பாதி.

ரத்தப்போக்கை நிறுத்துவதற்காகச் சிறுநீரகத்தை எடுத்தார்கள். பாய் மண்டியை ஒட்டியிருந்த தன் வீட்டுக்குத் திரும்பி வந்து நாலு மாதம் இருந்தார். சாலையைக் கடந்து தினம் போய்ப் பார்த்தேன். எதிரே இருக்கும் வீட்டுக்குப் போவதற்கு அவ்வளவு கால் வலித்தது. பேசுவதெல்லாம் அவர்தான். புளி விலை, மழை, கணவாயில் புதிதாகக் கவிழ்ந்த லாரி. ஒரு நாள் மட்டும், தராசுல ஏறிப் பாக்கட்டுங்களா சார் என்று கேட்டுச் சிரித்தார். மண்டி முழுக்கக் கேட்கிற சிரிப்பு இல்லை.

அவர் மறைந்த பிறகு துக்கம் கேட்கப் போனேன். கணவன் இறந்தால் அவர்கள் வழக்கப்படி மனைவி நாலு மாதத்துக்கு மேல் வெளியே வராமல், அந்நிய ஆண்களைப் பார்க்காமல் இருக்க வேண்டும். அதனால் பாயம்மா கதவுக்குப் பின்னால் இருந்தபடியே பேசினார். குரல் மட்டும் வந்தது.

"சார், நீங்க சொன்னபடி கூழ் குடுத்து வெச்சிருந்தா பொழைச்சிருப்பாரா? நான்தான் கேக்காம ஆக்கி ஆக்கிப் போட்டேன். நீங்க அன்னிக்கு சொன்னீங்களே, கொல்லப் பாக்கறீங்களான்னு. எந்நேரமும் அதுதான் காதுல கேக்குது."

தம்பிகளா, அம்மாக்களா, உங்கள் வேலையில் உங்களுக்கும் இப்படி ஒரு நிமிஷம் வரும். பதில் எனக்குத் தெரியும். இல்லைம்மா, நீங்க போட்ட சோறுதான் அவரை அத்தனை நாள் நிறுத்தி வைத்தது, நீங்க சொன்னதுதான் சரி, நான்தான் கேட்கவில்லை. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். வெளியே அவர் சொந்தக்காரர்கள் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் கூட வந்த புண்ணியவான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாம் ஆண்டவன் செயல்ம்மா என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

எலியைத் தேடாமல் விட்டது அறிவுக்குறைவு. அதற்கு என்னை நானே ஒருவாறு மன்னித்துக்கொள்ளலாம். இதற்கு என்ன பெயர் வைப்பது? கோழைத்தனம் என்றால்கூட அது கௌரவமான வார்த்தை.

அடுத்த மாதமே எனக்கு அரூர் பக்கம் மாற்றல் வந்தது. வந்தது என்ன, கேட்டு வாங்கினேன். தீர்த்தமலைக்கு வருகிற கூட்டத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு நாலு வருஷம் ஓடியது. அங்கே யார் இளைத்து வந்தாலும் முதலில் கூட வந்தவர்களைத்தான் கேட்பேன், வீட்டில் என்ன சாப்பிடுகிறார் என்று. ஒரு நாள் ஒரு குடியானவப் பெண் புருஷனை அழைத்து வந்தாள். நல்லா திங்கறாருங்க, ஆனா துணி மாட்டற கழி மாதிரி ஆயிட்டாரு என்றாள். சோதித்ததில் சர்க்கரை எக்கச்சக்கம். மருந்து கொடுத்துத் தேற்றினோம். ரெண்டு மாதம் கழித்து அந்தப் பெண் வந்து, நான் சொன்னத நீங்க ஒருத்தர்தான் சார் காது குடுத்துக் கேட்டீங்க என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். தர்மபுரியில் இறங்கி வேறு பஸ் மாறி, பழைய ஊரில் மதியம் போய் இறங்கினேன். மண்டியை மூத்த மகன் பார்த்துக்கொண்டிருந்தான். அதே தராசு, அதே இடம். என்னைக் கண்டதும் ஓடி வந்து, வாங்க சார், வாங்க என்று வீட்டுக்குள் அழைத்துக்கொண்டு போனான்.

பாயம்மா கூடத்தில் ஒரு பாயில் உட்கார்ந்து ஏதோ தைத்துக்கொண்டிருந்தார். பாதியாகியிருந்தார். உடம்புக்கு என்ன, சாப்பிடுகிறீர்களா என்றுதான் முதலில் கேட்டேன். மகன்தான் பதில் சொன்னான். அத்தா போன நாளிலிருந்து அம்மா சமையக்கட்டுப் பக்கமே போவதில்லை சார், பெருநாளைக்குக் கூட கரண்டி பிடிப்பதில்லை, என் சம்சாரம்தான் எல்லாம், எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டோம் என்றான். அம்மாவுக்கு ஏன் அப்படி ஆயிற்று என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

மகனையும் இருக்கச் சொல்லிவிட்டு, அவன் எதிரிலேயே சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. சுவரில் ஒட்டிய தாள், கூட்டத்தில் அடித்த கேலி, சர்ஜன் சொன்னது எல்லாம். உங்க சமையலால் அவர் சாகவில்லை, நீங்க போட்ட சாப்பாடு அவருக்கு நல்லதைத்தான் செய்தது, நீங்க வந்து சொன்ன அன்றைக்கே நான் கேட்டிருந்தால் ஒருவேளை இன்னும் இருந்திருப்பார், தப்பு முழுக்க என்னுடையது என்றேன். சொல்லச் சொல்ல மகனின் முகம் மாறிக்கொண்டே வந்தது. அவன் எழுந்து மண்டிக்குப் போய்விட்டான். போகும்போது என்னைப் பார்க்கவில்லை.

பாயம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

"அப்ப அவரு சாப்புட்டது சரிதானுங்களா?"

"சரிம்மா. நீங்க போட்டதும் சரி."

"என் கையில ஒண்ணும் இல்லீங்களா?"

"ஒண்ணும் இல்லம்மா."

அவர் தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு என்னை நேராகப் பார்த்தார். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார். கதவுக்குப் பின்னாடிதானே இருந்தேன்."

போகட்டுமா என்று எழுந்தேன். இருங்க, வெயில்ல வந்திருக்கீங்க என்றார். தரையில் கையை ஊன்றி மெதுவாக எழுந்து, சமையலறை வாசல் வரைக்கும் போனார். நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து பழையபடி பாயில் உட்கார்ந்துகொண்டார்.

"டாக்டருக்கு ஒரு டீ போட்டுக் குடும்மா" என்று மருமகளைக் கூப்பிட்டுச் சொன்னார்.